விண்டோஸ் 7 அப்கிரேட் டிஸ்க்: ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் விற்ற அப்கிரேட் டிஸ்கை வைத்துப் பழைய விண்டோஸுக்கு மேலேதான் போட முடியும், ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட முடியாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியும். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் அப்கிரேட் பெட்டியை வைத்து எல்லா வழியிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டிஸ்கில் ஒரு குறையும் கிடையாது, அதில் இருக்கிற ஓஎஸ்ஸும், அதாவது மெஷினை இயக்குகிற அடிப்படை மென்பொருளும், அருமையானது. தகராறு எல்லாம் எந்த வேலையை எந்த வேலைக்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதில்தான். வரிசை மாறினால் இன்ஸ்டால் முழுசாக முடிந்து, டெஸ்க்டாப் எல்லாம் பளபளவென்று வந்த பிறகு, ஆக்டிவேட் செய்யும் இடத்தில், அதாவது வாங்கிய உரிமையை மைக்ரோசாஃப்ட் சரிபார்க்கும் இடத்தில், கை விரித்துவிடும்.

பெட்டிக்குள் இரண்டு டிவிடி இருக்கும், ஒன்று 32 பிட், இன்னொன்று 64 பிட். இதைப் பெரிய விஷயமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களுக்காக விற்ற ஓஇஎம் பதிப்பில் இரண்டில் ஒன்றுதான் வரும். கூடவே விண்டோஸைப் போடும்போது அடிக்க வேண்டிய 25 எழுத்துக் கீ, ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சடித்தது. அந்தக் கீயில் ஆங்கில உயிரெழுத்துகள் வராது, பூஜ்யமும் ஒன்றும் ஐந்தும் வராது, ஆகவே அது ஓவா பூஜ்யமா என்று மண்டையைக் குடைந்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் பி எழுத்தும் 8 எண்ணும் இரண்டுமே வரும். அந்தப் பொடி எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கீயை ஏற்கவில்லை என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். வாங்கின கையோடு கீயைப் போட்டோ எடுத்து வேறு எங்காவது பத்திரப்படுத்திவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அப்கிரேட் டிஸ்க், ஃபுல் டிஸ்க் என்று தனித்தனியாக இரண்டு ஓஎஸ் கிடையாது. உள்ளே இருக்கிற ஃபைல்கள் அதேதான். சொல்லப்போனால் ஹோம் பிரீமியம், புரொஃபஷனல், அல்டிமேட் எல்லாமே ஒரே டிஸ்கில் படுத்திருக்கின்றன, சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கிற இஐ டாட் சிஎஃப்ஜி என்ற ஒரு துக்கடா டெக்ஸ்ட் ஃபைல்தான் எந்தப் பதிப்பைக் காட்டலாம் என்று முடிவு செய்கிறது. வித்தியாசம் முழுவதும் கீயில் இருக்கிறது. அப்கிரேட் கீ போட்டால், இந்த மெஷினில் ஏற்கனவே விண்டோஸ் இருந்ததா என்ற கேள்வி எழும். இருந்தது என்று செட்டப் கண்டுகொண்டால் சரி, இல்லையென்றால் மறுப்பு. பழையது என்றால் எது வேண்டுமானாலும் ஆகாது: விண்டோஸ் 7 அப்கிரேடுக்கு எக்ஸ்பி அல்லது விஸ்டா இருக்க வேண்டும், விண்டோஸ் 2000 வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இந்தச் சோதனையை ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு விதமாகச் செய்தார்கள். பழைய முறைதான் நல்ல முறை என்பது என் கட்சி. விண்டோஸ் 98 அப்கிரேட் சிடியோ, 2001இல் வந்த எக்ஸ்பி அப்கிரேட் சிடியோ வைத்திருந்தால், ஹார்ட் டிஸ்க் காலியாக இருந்தாலும் மெஷினைப் பூட் செய்து, அதாவது வெளியில் இருந்து தொடக்கி, போட ஆரம்பிக்கலாம். நடுவில் ஒரு இடத்தில் நின்று, பழைய விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். போட்டால் ஒரு நிமிடம் கரகரவென்று படித்துப் பார்த்துவிட்டு, சரி, புதுச் சிடியைத் திரும்பப் போடு என்று சொல்லும். அவ்வளவுதான். பழைய சிடியைத் தொலைக்காமல் வைத்திருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுத்தமாகப் போட்டுக்கொள்ளலாம், ஒரு தந்திரமும் தேவைப்படாது.

2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவில் இதை எடுத்துவிட்டார்கள். பழைய சிடி கேட்கிற வழக்கமே போய்விட்டது, அதற்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸுக்குள் இருந்துதான் செட்டப்பைத் தொடங்க வேண்டும் என்று வைத்தார்கள். டிவிடியில் பூட் செய்து அப்கிரேட் கீயை அடித்தால் ஏற்காது. அதாவது ஹார்ட் டிஸ்க் போய்ப் புதியது மாற்றினால், முதலில் எக்ஸ்பி போட்டு, பிறகு அதற்குள் இருந்து விஸ்டா போட வேண்டும். காசு கொடுத்து வாங்கினவனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசியுங்கள். ஒரு நல்ல காலம், கீ எதுவும் அடிக்காமல் 30 நாள் சோதனைப் பதிப்பாகப் போட்டுவிட்டு, அந்த விஸ்டாவுக்குள் இருந்தே மறுபடியும் செட்டப்பை ஓட்டி, இந்தத் தடவை அப்கிரேட் கீயைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டது. அதே ஓஎஸ்ஸுக்கு மேல் அதே ஓஎஸ்ஸைப் போட்டு அப்கிரேட் என்று பெயர் சூட்டுகிற கூத்து, ஆனால் வேலை நடந்தது.

2009 அக்டோபர் 22ஆம் தேதி வந்த விண்டோஸ் 7 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விஸ்டா அளவுக்குக் கெடுபிடி இல்லை, எக்ஸ்பி அளவுக்குத் தாராளமும் இல்லை. செட்டப் தொடங்கும்போது ஹார்ட் டிஸ்கில் ஒரு பழைய விண்டோஸ் கண்ணில் பட்டால் போதும், அது குறித்து வைத்துக்கொள்ளும். வாசலில் அடையாள அட்டை பார்க்கிற காவலாளி மாதிரிதான்: ஒரு தடவை பார்த்து உள்ளே விட்டபின் அந்த அட்டையை நீங்கள் கிழித்துப் போட்டாலும் அவன் கவலைப்பட மாட்டான். ஆகவே விதி ஒன்றே ஒன்றுதான். ஃபார்மட் அடிப்பதாக இருந்தால் விண்டோஸ் 7 செட்டப்புக்குள் வந்த பிறகு அடியுங்கள். வேறு ஏதாவது சிடியில் பூட் செய்து முன்கூட்டியே ஹார்ட் டிஸ்கை மொத்தமாக வழித்துத் துடைத்துவிட்டு வராதீர்கள்.

சுலபமான வழியை முதலில் சொல்கிறேன். எக்ஸ்பியோ விஸ்டாவோ ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவிடியைப் போடுங்கள், வருகிற ஜன்னலில் இன்ஸ்டால் என்பதை அழுத்துங்கள், எந்த வகை என்று கேட்கும் இடத்தில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்கிரேட் பெட்டி வாங்கியிருக்கிறோமே என்று மேலே இருக்கிற அப்கிரேடைத் தொட்டால் அது வேறு பாதை, எக்ஸ்பிக்கு அந்தப் பாதையே கிடையாது, முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். கஸ்டம் என்றால் பெயர் ஏதோ வல்லுநர்களுக்கானது மாதிரி இருக்கிறது, உண்மையில் புதிதாகப் போடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. பார்ட்டிஷனை, அதாவது ஹார்ட் டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியை, தேர்ந்தெடுத்ததும் ஒரு எச்சரிக்கை வரும்: இதில் பழைய விண்டோஸின் ஃபைல்கள் இருக்கலாம், இருந்தால் விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டருக்கு நகர்த்தப்படும் என்று. ஓகே கொடுங்கள். உங்கள் பழைய விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், பயனர் ஃபோல்டர்கள் எல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்குள் அடைந்துவிடும், புது ஓஎஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபார்மட் அடிக்காமலேயே புதிய இன்ஸ்டால். பேக்கப் எடுக்க விட்டுப்போன போட்டோ ஏதாவது இருந்தாலும் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம், இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கீயை அடித்தால் ஆக்டிவேஷனும் ஒழுங்காக நடக்கும்.

ஆனால் இந்தச் சுலப வழி ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும், அதுவும் நிறையப் பேர் நிற்கிற இடத்தில். அந்தக் காலத்து எக்ஸ்பி மெஷின்களில் ஏறக்குறைய எல்லாமே 32 பிட். பெட்டியில் இருக்கிற 64 பிட் டிவிடியை 32 பிட் விண்டோஸுக்குள் போட்டால் செட்டப் ஓடவே ஓடாது. 4 ஜிபி ராம் போட்டிருக்கிறேன், முழுவதையும் பயன்படுத்த வேண்டும், 64 பிட்தான் வேண்டும் என்றால் டிவிடியில் பூட் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. விஸ்டாவில் அடைத்து வைத்த கதவை 7இல் திறந்துவிட வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

டிவிடியில் பூட் செய்வது எப்படி என்று விளக்கத் தேவையில்லை, ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடுகிற மதர்போர்டு அமைப்பான பயாஸில் டிவிடி டிரைவை முதலில் வைக்க வேண்டும், அல்லது ஆன் செய்யும்போது பூட் மெனு விசையை அழுத்த வேண்டும். கருப்புத் திரையில் டிவிடியில் இருந்து பூட் செய்ய ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஒரு வரி வரும், சில விநாடிதான் நிற்கும். அதில் அழுத்துங்கள். கவனிக்க வேண்டியது அடுத்த முறை. ஃபைல்களை விரித்து முடித்துவிட்டு மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும்போதும் அதே வரி மறுபடி வரும், அப்போது எதையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் இன்ஸ்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும், இது என்ன போட்டதையே போட்டுக்கொண்டிருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

உள்ளே போனதும் அதே கஸ்டம். இந்தத் தடவை பார்ட்டிஷன் பட்டியலுக்குக் கீழே டிரைவ் ஆப்ஷன்ஸ் என்று ஒரு இணைப்பு இருக்கும், விண்டோஸுக்குள் இருந்து ஓட்டினால் இது காட்டாது, பூட் செய்து வந்தால்தான் தெரியும். அதைத் தொட்டால் ஃபார்மட், டெலீட், நியூ எல்லாம் வரிசையாக முளைக்கும். பழைய விண்டோஸ் இருக்கிற பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் கொடுங்கள். அதற்குமுன் எது சி, எது உங்கள் தரவு இருக்கிற டிரைவ் என்று அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே சி, டி என்ற எழுத்துகள் வராது, டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1 என்றுதான் இருக்கும். எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் 100 எம்பிக்கு ஒரு சின்னப் பார்ட்டிஷனைத் தானாக ஒதுக்கிக்கொள்ளும். சிஸ்டம் ரிசர்வ்டு என்று பெயர், பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கும், இடம் வீணாகிறதே என்று அதைப் பிறகு அழிக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்து ஃபைல்களை விரிக்கிற கட்டம். சதவீதம் ஒவ்வொன்றாக ஏறும், சில இடத்தில் நின்றே போய்விட்டது என்று தோன்றும், நிற்கவில்லை, விடுங்கள். முடிந்ததும் பெயர், பாஸ்வேர்டு, அப்புறம் கீ. கீ அடிக்கும் பெட்டிக்குக் கீழே, இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் செய் என்று ஒரு டிக் ஏற்கனவே போட்டிருக்கும். அதை எடுத்துவிடச் சொல்வேன். வன்பொருளை ஓஎஸ்ஸோடு பேச வைக்கிற டிரைவர் எல்லாம் சரியாக உட்கார்ந்து, மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஆக்டிவேட் செய்தால் போதும், 30 நாள் அவகாசம் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

சரி, ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, புதியது வாங்கி மாட்டியிருக்கிறீர்கள், அதில் ஒன்றுமே இல்லை. பழைய விண்டோஸுக்கு உரிமை உங்களிடம் இருக்கிறது, ஆனால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. இந்த நிலையில் 7ஐ நேராகப் போட்டால் இன்ஸ்டால் நடந்துவிடும், ஆக்டிவேஷனில் எஃப்061 என்று முடிகிற ஒரு நீளமான பிழை எண் வரும், இந்தக் கீயை அப்கிரேட் செய்யத்தான் பயன்படுத்தலாம், புதிதாகப் போட அல்ல என்று சொல்லும். இதற்கு மூன்று வழி உண்டு. முதலில் எக்ஸ்பியைப் போட்டுவிட்டு, அதை ஆக்டிவேட்கூடச் செய்யாமல், அதற்கு மேல் 7 போடலாம், விதிப்படி சரியான வழி இது, அரை நாள் போகும். இரண்டாவது, விஸ்டா காலத்து இரட்டை இன்ஸ்டால், இங்கேயும் வேலை செய்யும்: கீ இல்லாமல் ஒரு தடவை, அதற்குள் இருந்து அப்கிரேட் தேர்ந்தெடுத்து இன்னொரு தடவை.

மூன்றாவதுதான் விண்டோஸ் தன் செட்டிங்ஸைக் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியை மாற்றும் வழி, இதுதான் சீக்கிரம் முடியும். ஸ்டார்ட் மெனுவில் ரெஜ்எடிட் என்று தேடித் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், செட்டப், ஓஓபிஇ என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் வலது பக்கம் மீடியாபூட்இன்ஸ்டால் என்று ஒரு பெயர் இருக்கும். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது, இந்த விண்டோஸ் டிஸ்கில் பூட் செய்து போட்டதா இல்லையா என்று குறித்து வைக்கிற இடம். அதில் இருக்கிற 1ஐ 0 ஆக மாற்றுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ் எல் எம் ஜி ஆர் என்று ஐந்து எழுத்தைச் சேர்த்து அடித்து, ஒரு இடம் விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு போட்டு ரீஆர்ம் என்று அடியுங்கள். வெற்றி என்று ஒரு பெட்டி வரும், வர ஒரு சில விநாடி ஆகும். ரீஸ்டார்ட் செய்து, மறுபடி கீயைக் கொடுத்து ஆக்டிவேட் செய்தால் போய்விடும். ஆக்டிவேஷன் அவகாசத்தைப் புதுப்பிக்கிற இந்த ரீஆர்ம் மூன்று தடவைதான் செல்லும், அதனால் விளையாட்டுக்கு அடித்துப் பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வழிகளில் எதுவும் பூட்டை உடைப்பது இல்லை, கீ உண்மையான கீதான், ஆக்டிவேஷனும் உண்மையானதுதான். ஆனாலும் ஆக்டிவேட் ஆகிவிட்டது என்பது வேறு, உரிமை இருக்கிறது என்பது வேறு. பழைய எக்ஸ்பியோ விஸ்டாவோ காசு கொடுத்து வாங்கியது கையில் இல்லாமல், விலை குறைவு என்பதற்காக அப்கிரேட் பெட்டியை வாங்கி ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றிக்கொண்டால், மெஷின் ஒத்துக்கொள்ளும், ஒப்பந்தம் ஒத்துக்கொள்ளாது. அதேபோல அப்கிரேட் செய்த பிறகு அந்தப் பழைய விண்டோஸை எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வதும் கிடையாது, இரண்டும் சேர்ந்து ஒரே உரிமையாகிவிடுகிறது. கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் என்றால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் அத்தாட்சி.

இவ்வளவு பாடுபட்டு ஏன் சுத்தமாகப் போட வேண்டும், விஸ்டா இருந்தால் அதன் மேலேயே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம். சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட் தொகுப்பில் 1 அல்லது 2 போட்ட விஸ்டாவாக இருந்து, பதிப்பும் பிட்டும் பொருந்தினால் மென்பொருள்கள், செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே வந்துவிடும். ஆனால் அது எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே. 2009இல் மைக்ரோசாஃப்ட் தரப்பே வெளியிட்ட சோதனைக் கணக்கில், 650 ஜிபி தரவும் 40 மென்பொருளும் இருக்கிற சுமாரான மெஷினில் இது 20 மணி நேரத்தைத் தாண்டியது. சுத்தமாகப் போடுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. தவிர, விஸ்டாவில் வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை டிரைவர், அன்இன்ஸ்டால் செய்தும் போகாத ஆன்டிவைரஸ் மிச்சம், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் திணித்த டூல்பார் எல்லாமே கூடவே குடிவரும். மென்பொருள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போடுவது எரிச்சல்தான், ஆனால் போடும்போதுதான் பாதி நமக்குத் தேவையே இல்லை என்று தெரிகிறது.

ஃபைல்களை எடுத்துப் போக டிஸ்கிலேயே ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள், விண்டோஸ் ஈஸி டிரான்ஸ்ஃபர். சப்போர்ட் ஃபோல்டருக்குள் இருக்கும். எக்ஸ்பியில் ஓட்டினால் ஆவணங்கள், மெயில், பயனர் கணக்குகள், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி வெளி டிரைவில் வைத்துவிடும், 7 போட்ட பிறகு அதைப் பிரித்துக்கொள்ளலாம். மென்பொருள்களைக் கொண்டுபோகாது. நன்றாகவே வேலை செய்கிறது, இருந்தாலும் முக்கியமான ஃபோல்டர்களைக் கையாலும் ஒரு நகல் எடுத்துவிடுவது நல்லது, ஒரே ஃபைலை நம்பி எல்லாவற்றையும் அழிக்க எனக்கு மனசு வராது.

டிரைவர் விஷயத்தில் எக்ஸ்பியோடு ஒப்பிட்டால் 7 சொர்க்கம். சவுண்டு, கிராஃபிக்ஸ், வைஃபை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஆனாலும் நெட்வொர்க் டிரைவரை மட்டுமாவது முன்கூட்டியே டவுன்லோட் செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்று இல்லாமல் போனால் மற்ற டிரைவர்களை எடுக்க இணையம் இல்லை, இணையத்துக்கு டிரைவர் இல்லை என்று நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, பயாஸில் ஹார்ட் டிஸ்கோடு பேசுகிற சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய வகையாக இருந்தால் ஓஎஸ் போடும் முன்பே ஏஹெச்சிஐ ஆக மாற்றிவிடுங்கள். எக்ஸ்பிக்கு இந்த டிரைவர் தெரியாது, அதற்காகவே அந்தக் காலத்தில் பலரும் ஐடிஇயில் வைத்திருப்பார்கள். 7க்கு நன்றாகத் தெரியும். போட்ட பிறகு மாற்றினால் பூட் ஆகும்போதே நீலத் திரைதான், சரிசெய்ய மறுபடி ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்க வேண்டும்.

எல்லாம் முடிந்து சில வாரம் ஓட்டிப் பார்த்தபின், விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டர் இருந்தால் அதைத் தூக்கிவிடலாம். நேராக டெலீட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று அடம்பிடிக்கும். சி டிரைவில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஸ்க் கிளீனப், அதில் சிஸ்டம் ஃபைல்களையும் சுத்தம் செய் என்ற பட்டன், அப்போது முந்தைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் என்று ஒரு வரி வரும். டிக் போட்டு விட்டால் பல ஜிபி ஒரே மூச்சில் திரும்பக் கிடைக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று, நிறையப் பேர் விட்டுவிடுவது. ஆக்டிவேட் ஆகி, டிரைவர் எல்லாம் போட்டு, அப்டேட்டும் முடிந்த அந்த நிலையில் ஒரு சிஸ்டம் இமேஜ், அதாவது ஓஎஸ்ஸோடு சேர்த்து டிரைவின் முழு நகல், எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர், இடது பக்கம் சிஸ்டம் இமேஜ் உருவாக்கு என்று இருக்கும், ஹோம் பிரீமியத்திலும் உண்டு. கூடவே, அந்த இமேஜைத் திரும்பப் போட மெஷினைப் பூட் செய்ய உதவுகிற ரிப்பேர் டிஸ்க் ஒன்றையும் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு ஹார்ட் டிஸ்க் போனால், பழையதைவிடச் சிறியதாக இல்லாத ஒரு புது ஹார்ட் டிஸ்கை மாட்டி அந்த இமேஜைத் திரும்ப ஊற்றினால் போதும். எக்ஸ்பி தேட வேண்டாம், இரட்டை இன்ஸ்டால் வேண்டாம், பெரும்பாலும் ஆக்டிவேஷனும் அப்படியே இருக்கும். அப்கிரேட் டிஸ்கின் ஒரே உண்மையான குறைக்கு மருந்து அந்த டிஸ்க்குள்ளேயே இருக்கிறது.

அதே 2009 ஆகஸ்டில் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டருக்கு வந்த ஸ்னோ லெப்பர்ட் ஓஎஸ்ஸைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அதுவும் அப்கிரேட் என்றுதான் விற்றார்கள், ஆனால் கீயே கிடையாது, துடைத்த டிஸ்கிலும் பேசாமல் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் மெஷினையும் சேர்த்து விற்கிறார்கள், அந்த வசதி உண்டு. விண்டோஸ் 8இல் அதே மீடியாபூட்இன்ஸ்டால் கதை தொடர்ந்தது. 8.1 வந்தபோதுதான் கடையில் விற்ற பெட்டியை ஃபுல் பதிப்பாகவே கொடுத்தார்கள். விண்டோஸ் 10 முதலில் வந்தபோது ஒரு தடவை மேலே போட்டு ஆக்டிவேட் செய்த பிறகே சுத்தமாகப் போட முடியும் என்று இருந்தது, 2015 நவம்பரில் வந்த 1511 பதிப்பில் இருந்து 7, 8 கீகளை நேராகவே ஏற்றது. பழைய கீயை வைத்து இலவசமாகப் போடுகிற அந்த வழியையும் 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

ஆகவே இன்றைக்கு இந்தப் பெட்டி யாருக்கு? பழைய ஸ்கேனர், பழைய சவுண்டு கார்டு, பழைய விளையாட்டு என்று ஏதாவது ஒன்றுக்காக ஒரு மெஷினை உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு. 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது, வங்கி வேலையெல்லாம் அதில் செய்யாதீர்கள், முடிந்தால் இணையத்தோடு சேர்க்கவே வேண்டாம். 2015க்குப் பிந்தைய மதர்போர்டில் போட முயல்பவர்களுக்கு இன்னொரு தலைவலி, செட்டப்பில் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, மொழி தேர்ந்தெடுக்கிற முதல் திரையிலேயே மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடக்கும், என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டி டிரைவையும் அதற்குத் தெரியாது. இந்த டிஸ்க் அதன் வயதுள்ள மெஷினில்தான் நிம்மதியாக உட்காரும்.

பழைய பெட்டியை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் டிஸ்கின் மேல் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிடக் கீ இன்னொரு மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்க் கெட்டாலும் வேறு டிஸ்க் கிடைக்கும், கீ போனால் பெட்டியே காலி. பெட்டியோடு பழைய எக்ஸ்பி சிடியும் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் அதன் கீயையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த டிஸ்குக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். அந்த ஒன்றைப் பழைய சிடியைக் கேட்டுச் சரிபார்க்கிற முறையை எடுத்ததற்காகக் குறைக்கிறேன்.